மண்ணறிந்து மனை எழுப்புவோம்
லைட்ஹவுஸ் குப்பத்து மணல் கற்பிக்கும் பாடம்

வீடு கட்டுதல் என்பது நம் போன்ற எளிய குடும்பங்களில் ஒரு தலைமுறைக்கு ஒரு முறையே நிகழும் காரியம். தறியில் அமர்ந்து சேர்த்த பணமும், களத்தில் நெல் விற்ற பணமும், சங்கத்தில் வாங்கிய கடனும் ஒன்றுகூடி ஒரு வீடாகின்றன. ஆயினும் அவ்வீட்டின் கூரை எப்படி, வாசற்கால் எந்த மரம், தரைக்கு எந்த வண்ணம் என்று பல நாள் ஆலோசிக்கும் நாம், அது நிற்கப்போகும் மண் எத்தகையது என்று ஒரு நாளேனும் ஆலோசிப்பதில்லை. மண்தான் வீட்டைச் சுமப்பது. சுமப்பவனுடைய பலத்தை அறியாமல் சுமையை ஏற்றுவது அறிவுடைமை ஆகாது அன்றோ?

சென்ற மழைக்காலத்தில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் நாம் ஒரு வீட்டைக் கண்டோம். கட்டி இரண்டே மழை கழிந்திருந்தது. கூடத்துச் சுவரின் நடுவே, சன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும், விரல் நுழையும் அளவுக்குக் குறுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. செங்கல்லிலும் குறையில்லை, சிமெண்டிலும் குறையில்லை. விசாரித்ததில் உண்மை வெளிப்பட்டது. வீட்டின் ஒரு பாதி பழைய மணல் மேட்டின்மீதும், மறு பாதி முன்னொரு காலத்தில் தூர்க்கப்பட்ட குட்டையின்மீதும் அமைந்திருந்தது. மணல் அசையாது நின்றது. குட்டைச் சேறு சுமை தாங்காமல் அமிழ்ந்தது. நடுவிலே சுவர் பிளந்தது. வீடு முழுவதும் ஒரே அளவாக ஒரு அங்குலம் இறங்கியிருந்தால் எவரும் அறிந்திரார். ஒரு பக்கம் மட்டும் இறங்கியதே விபரீதம். அவ்வீட்டுக்காரர் கடன் தவணையை இன்னமும் செலுத்தி வருகிறார். மூன்று குழிகள் தோண்டிப் பார்த்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது. ஆதலின் இவ்விஷயத்தை அங்கத்தினர்களுக்கு விளக்கமாக எடுத்துரைக்க முற்பட்டோம்.

இடத்தின் இயல்பு

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டைப் பற்றி நெசவாளர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் கெல்டிரியா என்னும் கோட்டையை அங்கே கட்டி முடித்ததற்கு, இப்பகுதித் தறிகளில் நெய்த துணிகளின் வாணிகமே முதற்காரணம். பழவேற்காடு ஏரியோ, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடப்பது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில், கலங்கரை விளக்கத்தின் பெயராலேயே வழங்குவது லைட்ஹவுஸ் குப்பம். ஒரு புறம் கடல், மறு புறம் ஏரி, கீழே உப்பு நீர், நடுவே மணல்: இதுவே அவ்வூரின் நிலை.

இத்தகைய நிலத்தில் நான்கு இடர்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகில் இருப்பது. ஐப்பசி, கார்த்திகையில் அது இன்னும் மேலேறும். இரண்டாவது, மணல் இறுகாமல் தளர்வாயிருப்பது. மூன்றாவது, ஏரியோரங்களில் மணலுக்கு அடியிலே மென்மையான களிச்சேறு மறைந்திருக்கக்கூடும் என்பது. நான்காவது, மண்ணிலும் நீரிலும் காற்றிலும் உள்ள உப்பு. இவற்றோடு புயலும் அலையும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரை வீடுகளுக்கு இழைத்த சேதத்தை ஆராய்ந்த பொறியியலார் கண்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று, கடைக்காலின் கீழிருந்த மணலை நீர் அரித்துக்கொண்டு போனமை. சுவர் வலுவாக இருந்தும், அதன் கீழிருந்த நிலம் போயிற்று.

இவ்வூருக்கு உரியதை அறிந்துகொண்டால், பொன்னேரி வட்டத்து வயலோரக் கிராமங்களில் வீடு கட்டுவோருக்கும் அதே அறிவு பயன்படும்.

ஒரு சொல், இரு பொருள்

நம் ஊர்களில் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்று கூறுவது, தரைமட்டத்துக்கு மேலே வீட்டின் தளம் வரைக்கும் எழும் பீடச் சுவரை. தரைக்குக் கீழே மண்ணுள் மறைந்திருப்பது கடைக்கால். ஆனால் மேல்நாடுகளில் இதே சொல்லுக்கு நிலவறை என்று பொருள். பட்டணத்து மாளிகைகளில் நிலவறை கண்டு வந்து, வலை வைக்கவும் நூல் வைக்கவும் நாமும் ஒன்று அமைத்தால் என்ன என்று கேட்பவர் உண்டு. ஏரிக்கரையில் அது ஏன் தகாது என்பதைக் கணக்கினால் காட்டுவோம்.

நீரின் அழுத்தம் ஆழத்துக்கேற்ப வளர்வது. 1 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 1 டன். 2 மீட்டர் ஆழத்தில் 2 டன். ஆகவே 1 மீட்டர் நீளச் சுவரை, 1 மீட்டர் ஆழமுள்ள நீர் தள்ளும் மொத்த விசை அரை டன். 2 மீட்டர் ஆழமுள்ள நீர் தள்ளுவதோ 2 டன். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது. உலர்ந்த மணல் 1 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.3 டன் விசையே தருகிறது. அதே மணலில் நீர் நிறைந்தால் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. இன்னும், நீர் பக்கத்திலிருந்து மட்டும் தள்ளுவதன்று, அடியிலிருந்தும் தூக்குவது. நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே அமைந்த நிலவறைத் தளத்தை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 2 டன் விசை மேல்நோக்கித் தூக்கும். எடையினாலேயே அதனை அடக்க வேண்டுமாயின் தளம் 80 சென்டிமீட்டர் கனம் இருத்தல் வேண்டும். இதே காரணத்தால்தான், மழைக்காலத்தில் மலக்குழித் தொட்டியை முற்றிலும் இறைத்துக் காலி செய்யும்போது அது ஓடம்போல் மேலெழும்பி விடுவதுண்டு. எனவே ஏரிக்கரையில் கீழ்நோக்கிச் செல்லாதீர். மேல்நோக்கி உயருங்கள் என்பதே நம் முதல் ஆலோசனை.

வயல் மண் வேறு, மனை மண் வேறு

விவசாயிகள் மண் பரிசோதனைக்குப் புதியவர் அல்லர். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தை அறியாதார் சிலரே. ஆனால் வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடம் சொல்வது தழை, மணி, சாம்பல் முதலிய சத்துக்களையும், உவர், களர்த் தன்மையையுமே. அந்த மண் எத்தனை டன் சுமை தாங்கும் என்பதை அது சொல்லாது. பயிருக்கு நல்ல மண் பெரும்பாலும் வீட்டுக்கு நல்ல மண் அன்று. மக்கும் வேர், இலை, தழை நிறைந்த மேல்மண்ணை உழவர் போற்றுவர். அதே மண்ணைக் கட்டடக்காரர் வெட்டி எறிய வேண்டும். எனினும் அந்த அட்டையில் காணும் உவர் அளவு வீட்டுக்காரருக்கும் ஓர் எச்சரிக்கையாகும். உப்பு மிகுந்த மண் செங்கல்லையும் கம்பியையும் தின்னும்.

மனை மண்ணின் பலத்தை அறியும் சாஸ்திரம் மிகப் பழமையானதன்று. 1173-இல் தொடங்கிய இத்தாலியப் பைசா கோபுரம் மெல்லிய மண்ணின்மீது நின்றமையாலேயே சாய்ந்தது. 1925-இல் கார்ல் டெர்சாகி என்னும் அறிஞர் மண் இயக்கவியல் நூலை வெளியிட்ட பின்னரே இத்துறை உருப்பெற்றது. 1964-இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் பூமி அதிர்ந்தபோது, நீர் நிறைந்த தளர்மணல் குழம்புபோலாகி, அடுக்குமாடி வீடுகள் உடையாமலே படுத்துவிட்டன. மணலும் நீரும் சேர்ந்த நிலத்தில் இருப்போர் மறக்கலாகாத செய்தி இது.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

முதலில் குழி. மனையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டும் நடுவே ஒன்றுமாக மூன்று குழிகள் எடுத்தல் வேண்டும். கடைக்கால் அமரவிருக்கும் ஆழத்துக்கும் கீழே, கடைக்கால் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம் வரையேனும் மண்ணைப் பார்க்க வேண்டும். நீர் வந்துவிட்டால் அதற்குக் கீழே மண்வெட்டியால் தோண்ட முற்படாமல், கைத் துளைக்கருவியால் மண் எடுத்துப் பார்க்கலாம். தளர்மணலில் குழியின் பக்கங்கள் எச்சரிக்கையின்றிச் சரியும். இடுப்பளவுக்கு மேல் தோண்டும்போது பக்கங்களைச் சரிவாக வெட்டாமலோ, பலகை முட்டுக் கொடாமலோ எவரும் உள்ளே இறங்கலாகாது. மூன்று குழிகளிலும் ஒரே மண் வருகிறதா என்பதே முதற் கேள்வி. வேறுபட்டால் உடனே பொறியாளரை அழையுங்கள்.

இரண்டாவது, சீசாச் சோதனை. கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நல்ல நீர் நிரப்பி, நன்கு குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி ஒரு நாள் கழித்தும் நீரைக் கலங்கலாக வைத்திருக்கும். படிந்த அடுக்குகளின் உயரத்தை அளந்தால் கலப்பு ஒருவாறு விளங்கும்.

மூன்றாவது, விரற் சோதனை. குழியின் அடியில் பெருவிரலை ஊன்றுங்கள். வருத்தமின்றிப் பல சென்டிமீட்டர் உள்ளே சென்றால் அது மிக மெல்லிய களி. மிதமாக அழுத்தினால் மட்டும் பதிந்தால் மென்களி. நகத்தால் கீறத்தான் முடியும் என்றால் கெட்டி. ஈர மண்ணை உருட்டித் திரியாக்கிப் பாருங்கள். முறியாமல் நீண்ட திரியாக வந்தால் களி மிகுதி. அம்மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்.

நான்காவது, நீர்மட்டம். சித்திரையில் குழி தோண்டிவிட்டு நீர் வரவில்லை என்று மகிழலாகாது. அயல் கிணறுகளில் கார்த்திகை மாதத்து நீர் எவ்வளவு உயர்ந்தது என்று முதியோரைக் கேளுங்கள். 2015-ஆம் ஆண்டுப் பெருமழையின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் நீர் எதுவரை நின்றது என்பதை ஒரு கம்பத்தில் குறித்துவையுங்கள். அக்குறியே உங்கள் பேஸ்மட்ட உயரத்துக்கு அளவுகோல்.

பொறியாளர் செய்யும் சோதனைகள்

மேற்கூறியவை இடரை உணர்த்துமேயன்றி அளவைத் துல்லியமாகச் சொல்லா. அதற்குத் துளைச் சோதனை உண்டு. 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாய் கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவர். மணலில் 10-க்குக் குறைந்தால் தளர்வு. 10 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் இறுக்கம்.

தகட்டுச் சோதனை என்பதும் உண்டு. குழியில் இரும்புத் தகட்டை வைத்து, படிப்படியாகப் பாரம் ஏற்றி, அமிழ்வை அளப்பர். இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பாரத்தின் அழுத்தம் பெரும்பாலும் தகட்டின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழம் வரையிலேயே உணரப்படும். 30 சென்டிமீட்டர் தகட்டுக்கு 60 சென்டிமீட்டர் ஆழம். 90 சென்டிமீட்டர் கடைக்காலுக்கோ 180 சென்டிமீட்டர் ஆழம். மேலே மணலும் ஒரு மீட்டருக்குக் கீழே சேறும் இருந்தால், தகடு நல்ல முடிவே காட்டும். வீடோ பின்னர் அமிழும். ஆகவே ஏரியோரத்தில் துளையிட்டுப் பாராமல் தகட்டை மட்டும் நம்பலாகாது.

ஒரு சிறு வீட்டுக்குத் தனியாகத் துளையிடுதல் செலவுமிக்கதென்பது மெய்யே. இங்கேதான் கூட்டுறவு பயன்படுகிறது. ஒரே தெருவில் வீடு கட்ட எண்ணும் ஐந்தாறு அங்கத்தினர்கள் ஒன்றுசேர்ந்தால், கருவியைக் கொண்டுவரும் செலவு பங்காகிவிடும். மண் இயக்கவியல் ஆய்வுக்கூடம் உள்ள பொறியியல் கல்லூரியைச் சங்கத்தின் மூலமாக அணுகலாம்.

கடைக்கால் அகலத்தின் கணக்கு

ஒரு மாடியுமில்லாத எளிய வீட்டை உதாரணமாகக் கொள்வோம். அறையின் அகலம் 3 மீட்டர். கூரை கான்கிரீட் தளம்.

23 சென்டிமீட்டர் கனமும் 3 மீட்டர் உயரமும் உள்ள செங்கற் சுவர், 1 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 1.3 டன். 12 சென்டிமீட்டர் தளமும், அதன் மேலோடும், மனிதர் நடமாடும் பாரமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 0.6 டன், அறையின் பாதி அகலம் வெளிச்சுவரில் சார்வதால் 0.9 டன். பேஸ்மட்டமும் கடைக்காலும் சேர்ந்த கருங்கற் கட்டு சுமார் 1.2 டன். ஆக மொத்தம் 3.4 டன். இரு பக்கத் தளத்தையும் தாங்கும் உட்சுவருக்கு 4.3 டன்.

தளர்ந்த நுண்மணலுக்கு, உலர்ந்த நிலையில், சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கு திறன் என்று கொள்வது வழக்கம். நீர்மட்டம் கடைக்காலின் அடியை நெருங்கியிருந்தால் அதில் பாதியே, அதாவது 5 டன்னே கொள்ள வேண்டும். 3.4-ஐ 5-ஆல் வகுத்தால் 0.68, அதாவது வெளிச்சுவர்க் கடைக்கால் 70 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். உட்சுவருக்கு 0.86, 90 சென்டிமீட்டர் வேண்டும். எல்லாச் சுவருக்கும் இரண்டடி போதும் என்று தோண்டினால், அதிகச் சுமை தாங்கும் உட்சுவரே முதலில் இறங்கும். இக்கணக்கு வழி காட்டுவதற்கே. முடிவான அளவு உங்கள் மண்ணைக் கண்ட பொறியாளர் தருவதாகும். மிக மெல்லிய களியாயின், அகலப்படுத்தினால் மட்டும் போதாது. சேற்றை அகற்றி மணலிட்டு இறுக்குவதோ, குத்துத் தூண்களைக் கீழே கெட்டி மண் வரை இறக்குவதோ அவசியமாகும்.

ஆழத்தைப் பொறுத்தவரை, எந்த மண்ணிலும் 50 சென்டிமீட்டருக்குக் குறையலாகாதென்பது இந்தியத் தர நிர்ணய விதி. நீர் அரிக்கக்கூடிய கடற்கரை மணலில் அதற்கும் கீழே செல்லுதல் நலம். வானம் தோண்டியதும் அடிமணலை நல்ல நீரால் நனைத்துத் திமிசு கட்டையால் இறுக்குங்கள். சுவர்களெல்லாம் ஒன்றையொன்று பற்றி நிற்கும்படி, பேஸ்மட்ட மட்டத்தில் நாற்புறமும் உட்சுவர்களிலும் தொடர்ச்சியான கம்பிக் கான்கிரீட் பட்டை ஒன்று ஓடட்டும். கீழே ஓரிடத்தில் மணல் நெகிழ்ந்தாலும் அப்பட்டை சுமையை அயலுக்குப் பகிர்ந்தளிக்கும்.

பேஸ்மட்டச் சுவரும் குழித்தறியும்

பேஸ்மட்டச் சுவர் வெளியே பிதுங்குவதை நாம் பலவிடங்களில் காண்கிறோம். உள்ளே நிரப்பிய மண் அதனைத் தள்ளுவதே காரணம். ஏரிச் சேற்றை எளிதிற் கிடைக்கிறதென்று நிரப்பினால், அது நனைந்தபோது உப்பிச் சுவரைத் தள்ளும். உலர்ந்தபோது சுருங்கித் தரையைப் பள்ளமாக்கும். உப்பற்ற மணலோ கிராவலோ கொண்டு, 15 முதல் 20 சென்டிமீட்டர் கனமான அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்க வேண்டும். சுவர் கட்டிய மறுநாளே நிரப்பலாகாது. குறைந்தது ஒரு வாரம் நீர் காட்டி இறுகவிடுங்கள். உயரம் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், நீங்கள் குறித்துவைத்த வெள்ளக் குறிக்கு மேலாகவும் இருக்கட்டும்.

நெசவாளர் வீட்டில் குழித்தறி இருப்பின் ஒரு விசேஷக் கவலை உண்டு. தறிக்குழிதான் நம் வீட்டின் மெய்யான நிலவறை. அதில் நீர் ஊறினால் மிதிப்பலகை உளுக்கும். பாவு ஈரம் வாங்கும். நெய்பவரின் காலுக்கும் நோய். குழி 75 சென்டிமீட்டர் ஆழமாயின், தறியறையின் தளத்தைத் தரைக்கு மேல் 90 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். அப்பொழுது குழியின் அடியும் வெளித்தரைக்கு மேலேயே நிற்கும். குழியின் நான்கு சுவர்களையும் மூலைகளில் நன்கு பிணைத்து ஒரே பெட்டிபோல் கட்டுக. அவ்வளவு உயர்த்த இயலாதவர் சட்டத் தறிக்கு மாறுவதே உசிதம்.

உப்பை விலக்குதல்

கான்கிரீட்டினுள் இருக்கும் கம்பிக்கு உப்பே காலன். கம்பிக் கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது விதி. கடல் நீரையும் ஏரி நீரையும் ஒருபோதும் கலக்காதீர். சுவரை நனைக்கவும் வேண்டாம். கடல்மணலை எடுப்பது இரட்டைப் பிழை: அதன் உப்பு கம்பியைத் துருவாக்கும், மணல் மேடுகளை வெட்டினால் ஊருக்கு அரணும் போகும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளும் மணலெடுப்பதைத் தடுக்கின்றன. அலைகளின் உயர்மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் அவ்விதிகளுக்கு உட்பட்டதாதலின், கடைக்கால் எடுப்பதற்கு முன்னரே ஊராட்சியிலும் மாவட்ட அலுவலகத்திலும் அனுமதி பெறுதல் அவசியம்.

கடலோரக் கான்கிரீட் எம் 30 தரத்துக்குக் குறையாமலும், கம்பிக்கு மேல் 45 சென்டிமீட்டர் அன்று, 45 மில்லிமீட்டர் மூடுகனம் குறையாமலும் இருக்க வேண்டும். கடைக்காலில் 50 மில்லிமீட்டர். இரண்டு விரற்கடைக்கும் சற்று அதிகமான இக்கனமே கம்பியின் ஆயுளை நிர்ணயிப்பது. பேஸ்மட்டத்தின் உச்சியில் ஈரத்தடைப் பூச்சு ஒன்று இடையறாது ஓட வேண்டும். இல்லையேல் உப்பு நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறி, உலர்ந்து, உப்பாகப் பூத்து, பூச்சையும் கல்லையும் உதிர்க்கும்.

முடிவுரை

நல்ல நெசவாளர் பாவைச் சோதியாமல் தறியில் ஏற்றுவதில்லை. நல்ல விவசாயி விதையைச் சோதியாமல் நிலத்தில் இடுவதில்லை. மனை மண்ணுக்கும் அதே மரியாதையைச் செலுத்துவோமாக. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் அங்கத்தினர்கள், வரைபடத்துடன் தங்கள் மனையின் மூன்று குழிகளில் கண்ட மண், நீர்மட்டம், வெள்ளக் குறி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இணைப்பார்களாயின், அது சங்கத்துக்கும் நலம், அவர்களுக்கும் நலம். கூரையிலுள்ள குறையை நாளை திருத்தலாம். சுவரிலுள்ள குறையை மறு ஆண்டு திருத்தலாம். கடைக்காலிலுள்ள குறையைத் திருத்த வீட்டையே இடிக்க வேண்டும். எனவே கார்த்திகை மழைக்கு முன்னரே குழி தோண்டிப் பாருங்கள். மழை நின்றதும் மீண்டும் ஒரு முறை பாருங்கள். அதன் பின் கடைக்காலுக்கு நாள் குறியுங்கள்.